ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்



உங்கள் வீட்டுப் பிள்ளை கார் ஓட்டப் பழகுகிறதா? அப்படியானால் இந்த வாரப் பேச்சு உங்களுக்குத்தான்.

முதலில் வருவது கணினித் தேர்வு. 50 கேள்விகள்; 42-க்காவது சரியான பதில் சொன்னால்தான் தேர்ச்சி. மாதிரிக் கேள்விகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துக் கேள்வி போதும். மலாயில் உள்ளதைப் பிள்ளை படித்துத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் மறந்துபோன சாலை விதி நினைவுக்கு வருமே!

அடுத்தது 'எல்' லைசென்ஸ். சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. பயிற்சிப் பள்ளி இருப்பதோ டவுனில். தோட்டத்துப் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு வகுப்பு கிடைப்பதே பெரும்பாடு. இடையில் அப்பாவின் காரை எடுத்துச் சாலையில் பழகலாமா? கூடாது. அனுமதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் இந்த வாரம் கற்றது அடுத்த வாரத்துக்குள் மறந்துவிடுகிறது. தேர்வில் தவறினால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அது யார் பணம்? விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அம்மாவின் பணமல்லவா?

இந்த இடைவெளியில்தான் கைப்பேசி உதவுகிறது. வகுப்பு முடிந்த அன்று மாலையே பிள்ளை தன் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும். "இன்றைக்கு நன்றாக ஓட்டினேன்" என்பதால் பயனில்லை. "மாஸ்டர், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டது, ஏன்?" என்று கேட்க வேண்டும். கிளட்சை எந்த அளவில் பிடிப்பது, கைப்பிரேக்கை எப்போது விடுவது என்று அவர் விளக்குவார். அந்தப் பதிலை அழிக்காமல் வைத்து, அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மறுபடி கேட்கலாம். மாஸ்டருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

ஓர் எச்சரிக்கை. "தேர்வே வேண்டாம், பணம் அனுப்புங்கள், லைசென்ஸ் வீடு தேடி வரும்" என்று பேஸ்புக்கில் யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். பணமும் போகும், வழக்கும் வரும்.

கடைசியாக ஒன்று. கைப்பேசிக்கு வேலை வண்டியில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்தான். ஓட்டும்போது அது பைக்குள் அடங்கிக் கிடக்கட்டும். 'பி' ஒட்டி ஓட்டும் இரண்டு ஆண்டுகளிலும், அதற்குப் பிறகும் இதே பழக்கம் நிலைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பு நேரத்தில், "எங்கே இருக்கே? சாப்பிட்டியா?" என்று கூப்பிடாதீர்கள். உங்கள் அழைப்பை எடுக்கப் பிள்ளை கையை நீட்டும் அந்த ஒரு நொடியில் எதிரே லாரி வரலாம்.

கொஞ்சம் பொறுங்கள். இறங்கியதும் பிள்ளையே கூப்பிடும்.