உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள்

டெல்லிக்குச் சுற்றுலா போகும் தமிழகக் குடும்பங்கள் ஆக்ராவுக்குப் பெரும்பாலும் ஒரே பகலைத்தான் ஒதுக்குகின்றன. காலை எட்டு மணியளவில் நிஜாமுதீனில் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறினால் 100 நிமிடத்தில் ஆக்ரா. சாயங்காலம் அதே ரயிலில் திரும்பிவிடலாம். 2012ல் யமுனா விரைவுச்சாலை திறந்த பிறகு வேன் அமர்த்திக்கொண்டு போய்வருவதும் சுலபமாகிவிட்டது. அந்த ஒரு பகலுக்குள் தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, இடையில் சாப்பாடு, ஒரு மார்பிள் கடை, முடிந்தால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபதேபூர் சிக்ரி என்று பட்டியல் நீள்கிறது. எழுபதை நெருங்கும் அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போகிறவர்களும் இதே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மதியத்துக்குள் பெரியவர்களுக்குக் கால் வீங்கிவிடுகிறது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இதை முதுமையின் குறையாகப் பார்ப்பது தவறு. அவர்களுக்கு ஒத்துவரும் நிதானம்தான் முகலாயக் கட்டடங்களைப் பார்க்கும் சரியான முறை. அந்த நிதானத்துக்கு இடம் கொடுக்கும்படி நம் பயணத்திட்டமும் நினைவிடங்களின் நிர்வாகமும் மாற வேண்டும்.

இந்தக் கட்டடங்கள் எதற்காக எழுந்தன என்பதே இதற்கு முதல் சான்று. 1526ல் ஆக்ராவுக்கு வந்த பாபர், ஓடும் நீர் இல்லாத ஊர் இது என்று வருந்தினார். யமுனைக் கரையில் தோட்டம் போடுவதுதான் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று. பிறகு வந்த கல்லறைகள் எல்லாம் அந்தத் தோட்டத்தின் தொடர்ச்சிதான். நான்காகப் பிரித்த நிலம், நடுவே வாய்க்கால், நிழல் மரங்கள் என்று சொர்க்கத்தின் சாயலில் அமைத்தார்கள். தாஜ்மகாலில் கல்லறை தோட்டத்தின் நடுவில் இல்லை. அது ஆற்றோரமாக, தோட்டத்தின் கடைசியில் நிற்கிறது. நடுவில் இருப்பது உயர்த்திக் கட்டிய பளிங்குத் தொட்டி. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், வெயில் ஏற ஏற பளிங்கின் நிறம் மாறுவது தெரியும். வாசல் வளைவில் அமானத் கான் பொறித்த எழுத்துகள், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மேலே போகப் போகப் பெரிதாக்கப்பட்டிருப்பதும் நின்று நிதானமாகப் பார்க்கிறவர் கண்ணில்தான் படும். படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவருக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை.

இன்னும் தெளிவான உதாரணம் யமுனைக்கு அக்கரையில் இருக்கும் இதிமத் உத் தௌலா கல்லறை. நூர்ஜஹான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகமும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். தாஜ்மகாலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் அதன் சுவருக்கு அரை அடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பளிங்கில் நூலிழை அளவுக்குக் குழி வெட்டி, மஞ்சள், சிவப்பு, கருப்புக் கற்களைச் சீவி உள்ளே பதித்திருக்கிறார்கள். சைப்ரஸ் மரம், கழுத்து நீண்ட குடுவை, பழத்தட்டு, பூச்சாடி என்று ஒவ்வொரு சதுரத்திலும் வெவ்வேறு சித்திரம். விரலால் தடவினால்கூட இரண்டு கற்கள் சேரும் இடம் பிடிபடாத வேலை அது. ஒரு மகள் தன் பெற்றோருக்காக எழுப்பிய இந்த இடத்தைத்தான் "நேரமில்லை" என்று நம் வண்டிகள் முதலில் தாண்டிப் போகின்றன. பெற்றோரோடு ஆக்ராவில் பார்க்க இதைவிடப் பொருத்தமான கட்டடம் எனக்குத் தெரியவில்லை. முகலாயர் வரலாற்றில் வாரிசுச் சண்டைகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். தந்தை ஷாஜஹானை ஔரங்கசீப் 1658ல் ஆக்ரா கோட்டையில் சிறை வைத்தபோது, 1666ல் அவர் இறக்கும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்ட மகள் ஜஹனாராவும் அதே வரலாற்றில்தான் இருக்கிறார்.

நிர்வாகம் இந்த நிதானத்துக்கு எதிராகவே இருக்கிறது. தாஜ்மகால் நுழைவுச்சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். 500 மீட்டர் சுற்றளவுக்குள் பெட்ரோல், டீசல் வண்டி வரக் கூடாது என்பது நல்ல விதி. பேட்டரி வண்டியும் ஓடுகிறது. ஆனால் வண்டிக்குக் காத்திருப்பு, பாதுகாப்புச் சோதனை வரிசை, வாசலிலிருந்து கல்லறை வரை கிட்டத்தட்ட 300 மீட்டர் நடை, மேடையேற இன்னொரு வரிசை என்று சேர்த்துப் பார்த்தால், மெதுவாக நடப்பவருக்கு மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான். ஆக்ரா கோட்டைக்குள் அமர்சிங் வாசல் வழியாகப் போனால், இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கல் பாவிய செங்குத்தான சரிவில் ஏற வேண்டும். திடமான முழங்காலுக்கே அது சோதனை. டெல்லியில் ஹுமாயூன் கல்லறையின் மேல்தளத்துக்குப் போகும் படிகள் குறுகலானவை, ஒவ்வொன்றும் வீட்டுப் படியைவிட உயரம். சக்கர நாற்காலி வைத்திருப்பதாகச் சொன்னாலும் படி தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அந்தக் கல்லறைக்கு உரிய ஹுமாயூனே 1556ல், பக்கத்திலுள்ள புராண கிலாவில், நூலகப் படியில் தவறி விழுந்துதான் இறந்தார்.

தொல்லியலாளர்கள் சொல்லும் மறுப்பை நான் மதிக்கிறேன். பழைய கட்டடத்தில் சரிவுப்பாதையும் லிஃப்டும் வைத்தால் அதன் உருவம் கெடும் என்கிறார்கள். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 2020ல் புதிய லிஃப்ட் வந்தது. கூடவே போட்ட கான்கிரீட் பாதைகள் உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளாயின. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் நான் கேட்பது கான்கிரீட் இல்லை. கல்லைத் தொடாமல் மேலே பொருத்தி, வேண்டாதபோது கழற்றக்கூடிய மரச் சரிவுப்பாதை, கைப்பிடி, நூறடிக்கு ஒரு நிழலான பெஞ்சு, குடிநீர், அருகிலேயே கழிப்பறை. ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் நெடுங்காலம் வறண்டு கிடந்த வாய்க்கால்களில் 2003ல் மீண்டும் நீர் ஓடவிட்டபோது பழமை கெடவில்லை, திரும்பி வந்தது. ஒட்டியிருக்கும் சுந்தர் நர்சரியில் முகலாயர் காலக் கட்டடங்களுக்கு நடுவே நடைபாதைகளும் இருக்கைகளும் போட்டு 2018ல் திறந்தார்கள். தாத்தா, பாட்டிகளோடு குடும்பங்கள் அங்கே பகல் முழுக்க இருக்கின்றன. பழனியில் 1966 முதல் விஞ்சும் 2004 முதல் ரோப்காரும் ஓடுகின்றன. அதனால் மலையின் பெருமை எந்த வகையிலும் குறையவில்லை. படியேற முடியாதவர்களும் முருகனைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

தாஜ்மகாலில் கூட்டத்தைச் சமாளிக்கத்தான் மூன்று மணி நேரக் கட்டுப்பாடு என்ற பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் இடம் அது. ஆனால் அறுபது வயதைக் கடந்தவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் மட்டும் நாள் முழுக்கச் செல்லும் சீட்டு கொடுத்தால் கூட்டம் பெரிதாகக் கூடிவிடாது. நெரிசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதியவரால் வருவதில்லை, ஒரே நேரத்தில் வந்திறங்கும் பேருந்துகளால் வருகிறது. அவற்றின் வருகையை நேரம் பிரித்து ஒழுங்குபடுத்துவதுதான் முறை.

கடைசியாக, பெரியவர்களே சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: இவ்வளவு தூரம் வந்தாச்சு, எல்லாத்தையும் பாத்துட்டே போயிடலாம். முப்பது மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் வந்தவருக்கு அந்த எண்ணம் வராமல் இருக்காது. செலவும் ஒரு காரணம்தான். ஆனால் நாலு இடத்தின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட இரண்டு இடத்தை உள்ளே போய்ப் பார்ப்பது மேல் என்று பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு இரவு ஆக்ராவில் தங்கினால் போதும். காலையில் வாசல் திறக்கும்போதே தாஜ்மகால், மதியம் அறையில் தூக்கம், நாலு மணிக்கு மேல் இதிமத் உத் தௌலா. அதற்கும் தெம்பு இருந்தால் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து தாஜ்மகாலை இன்னொரு முறை பார்க்கலாம். கோட்டையையும் சிக்ரியையும் விட்டுவிடலாம். மே, ஜூன் வெயிலும், தாஜ்மகாலையே மறைத்துவிடும் ஜனவரிப் பனிமூட்டமும் வேண்டாம். அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச் நல்லது. வெள்ளிக்கிழமையையும் தவிர்க்க வேண்டும், அன்று தாஜ்மகால் திறப்பதில்லை.