அமுக்கமானியின் சொல்லை யார் சரிபார்ப்பது?

மன்னார்க் கடலின் அடியிலுள்ள எரிவாயுவைப் பற்றிச் சம்மாந்துறை உழவனுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்போர் உழவனை அறியாதவர்கள் என்றே நாம் சொல்வோம். நெல் வாங்குமிடத்தில் ஒருவர் கருவியொன்றில் ஒரு பிடி நெல்லைப் போட்டு, “ஈரம் 14 வீதத்தைத் தாண்டிவிட்டது” என்று சொன்ன மாத்திரத்தில் விலை விழுகிறது. அந்தக் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, வேறொரு கருவியும் அதையே சொல்லுமா என்று கேட்கத் தெரிந்தவன் தன் பங்கைக் காத்துக்கொள்கிறான். கேட்கத் தெரியாதவன் சொன்ன விலையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான். இவ்விருவரில் எவரைப் போல எமது நாடு நடந்துகொள்ளப் போகிறது என்பதே கேள்வி.

1970களில் சோவியத் நாட்டின் உதவியுடன் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தோம், பயன் கிட்டவில்லை. 2011 இல் கெயர்ன் நிறுவனம் ஜப்பானின் ‘சிக்யூ’ கப்பலைக் கொண்டுவந்து, 1,354 மீற்றர் நீராழத்தில் ‘தொராடோ’ என்ற கிணற்றைத் தோண்டியது. கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் மீற்றருக்குக் கீழே, ஏறத்தாழ 25 மீற்றர் உயரத்திற்கு வாயு நிறைந்த மணற்கல் இருப்பதாக அறிவித்தது. அடுத்துப் ‘பரக்கூடா’விலும் வாயு தென்பட்டது. 2015 இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. இன்றுவரை அங்கிருந்து ஒரு கன அடி வாயுவேனும் விற்பனைக்கு வரவில்லை. கிழக்குக் கடலும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 2016 இல் பிரான்சின் தோத்தால் நிறுவனத்துடன் எமது கரைக்கப்பாலுள்ள கடற்பரப்பை ஆராய உடன்படிக்கை செய்யப்பட்டது.

வாயு இருக்கிறது என்பது வேறு. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எளிதில் வரும் என்பது வேறு. பின்னையதைச் சொல்வது அமுக்கம். தோட்டக்கிணற்றில் இயந்திரம் வைத்து இறைத்துவிட்டு, ஊற்று எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்று பார்த்துக் கிணற்றின் தரத்தை அறிவதை நாம் யாவரும் செய்திருக்கிறோம். எண்ணெய்க் கிணற்றிலும் அதுவே வழி. சிறிது நேரம் ஓடவிட்டு, வால்வை மூடி, அமுக்கம் மீண்டும் ஏறும் விதத்தைக் கருவியால் பதிவுசெய்வர். அந்தக் கோட்டைக் கொண்டே பாறையின் இயல்பையும் வாயுத்தேக்கத்தின் எல்லையையும் கணிப்பர். கோடு பிழையானால் கணக்கு முழுவதும் பிழை.

பிழை எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள். நீருக்குள் ஒரு மீற்றர் இறங்கினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.4 இறாத்தல் அமுக்கம் கூடும். அந்த ஆழத்து வாயுவுக்குள் ஏறத்தாழ 0.3 இறாத்தலே கூடும். இவ்விரு கோடுகளும் வெட்டும் இடமே வாயு முடிந்து நீர் தொடங்கும் மட்டம். வாயுவை அளந்த வேளைக்கும் நீரை அளந்த வேளைக்குமிடையில் கருவி 10 இறாத்தல் நகர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட இறாத்தலில் 10 என்பது அற்பமல்லவா? ஆனால் அந்த அற்பம் அம்மட்டத்தை ஏறத்தாழ 9 மீற்றர் ஏற்றவோ இறக்கவோ செய்துவிடும். 25 மீற்றரில் 9 மீற்றர்! தொராடோவில் இப்பிழை நிகழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. நிகழ்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க எம்மிடம் யார் இருந்தனர் என்றே கேட்கிறோம்.

கண்டுபிடிப்பது மந்திரவித்தையன்று. கிணற்றுக்குள் இரண்டு கருவிகளை இறக்கினால், அவற்றின் அளவுகளுக்கிடையிலுள்ள வேறுபாடு நிலையாக நிற்கவேண்டும். அது மெல்ல மெல்ல வளர்ந்தால் இரண்டிலொன்று பொய் சொல்கிறது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் கிணற்றிலுள்ள சேற்றுநீரின் அமுக்கத்தை ஒப்பிடவேண்டும். சேறு குறையாதிருக்க அமுக்கம் மாறியிருந்தால் காரணம் கேட்கவேண்டும். கருவி சூடேறி நிலைபெறுமுன் எடுத்த அளவை நம்பலாகாது. இவற்றிலும் நுட்பமானது ஒன்றுண்டு. கருவி வாயுப்பாறைக்கு வெகு மேலே தொங்கும்போது, வால்வை மூடியபின் குழாய்க்குள் வாயு மேலேறும், நீர் கீழிறங்கும். பாறையில் எதுவும் மாறாதிருக்க, பதிவில் மட்டும் ஒரு புடைப்புத் தோன்றும். அனுபவமற்றவர் அதைப் பாறையின் எல்லையென வாசித்துத் தேக்கத்தைச் சிறிதாக்கிவிடுவர். பங்கு பேசுகையில் அது எவருக்கு இலாபம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அயல்நாடான இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடலில் டி-29, டி-30, டி-31 என்னும் வாயுக் கண்டுபிடிப்புகளை ரிலையன்ஸ் நிறுவனம் அறிவித்தது. கம்பியில் இறக்கிய கருவியின் அளவுகளே போதுமென்றது நிறுவனம். கிணற்றை ஓடவிட்டுச் சோதித்தாலன்றி ஏற்கமாட்டோம் என்றது அரசின் ஐதரோகாபன் இயக்குநரகம். பிணக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2015 இல் மந்திரிசபைதான் நடுவழி கண்டது. அதிகாரிகள் பிடிவாதக்காரர் என்று அப்போது ஏசியவர் பலர். நாம் அதிகாரிகளின் பக்கமே நிற்போம். தாமதத்தின் பக்கம் நிற்கமாட்டோம். எந்தச் சோதனை வேண்டும், எப்படிச் சரிபார்க்கப்படும் என்பது துளையிடுமுன்னரே ஒப்பந்தத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டியது.

எமது நாட்டில் 2021 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? அடுத்து யார் வந்து துளையிட்டாலும், திருத்தாத, மெருகிடாத மூலப்பதிவுகள் அன்றன்றே அரசின் கைக்கு வரவேண்டும். கருவிகளின் சரிபார்ப்புப் பத்திரங்களும் உடன் வரவேண்டும். சோதனை நடக்கும் நேரத்தில் கப்பலில் எமது ஆள் ஒருவர் நிற்கவேண்டும். விருந்தினராயன்று, வாசிக்கத் தெரிந்தவராய்.

அத்தகையவரை எங்கே தேடுவது? தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. களவெட்டியில் மரைக்காலைத் தலைதட்டி அளந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே பௌதிகமும் கணிதமும் படிக்கின்றனர். அமுக்கப் பதிவுகளைச் சரிபார்க்கும் பயிற்சியை அவர்களுக்கு அளிக்கத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. மன்னாரின் பழைய பதிவுகளின் பிரதி ஒன்றும், சில கணினிகளும், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவருமே வேண்டும். அந்தப் பிரதியைக் கோரும் கடிதத்தை எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் இம்மாதமே எழுதலாம்.