எந்த உரிமைக்காகப் பிரிந்தது தெற்கு?

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைகளுக்காக நடந்தது, அடிமைமுறை அதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்ற வாதம் போர் முடிந்த பிறகே வலுப்பெற்றது. தோற்றுப்போன தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸும், துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸும் பின்னாளில் எழுதிய பெருநூல்களில் இதையே நிலைநாட்ட முயன்றனர். ஆனால் அதே ஸ்டீஃபன்ஸ், போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்கு நிகரல்லர், அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பானது என்ற கருத்தைத்தான் புதிய அரசின் மூலைக்கல்லாக அறிவித்திருந்தார். எனவே போருக்கு முந்தைய அரசியலை, அவர் பிற்பாடு எழுதிய நூலைவிட, அக்காலச் சட்டங்களையும் வழக்குகளையும் கொண்டு படிப்பதே முறை.

1787இல் வகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம், பிரதிநிதிகள் அவையில் இடங்களை ஒதுக்கும்போது அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட வேண்டும் என்று விதித்தது. வாக்குரிமை அற்றவர்களின் தலைக்கணக்கு அவர்களை அடிமைப்படுத்தியவர்களின் பலமாயிற்று. அடிமைமுறை நாளடைவில் தானே தேய்ந்துவிடும் என்று சில தலைவர்கள் கொண்டிருந்த நம்பிக்கையைப் பருத்தி பொய்யாக்கியது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் இயந்திரத்தை எலி விட்னி 1793இல் உருவாக்கிய பின், தெற்கின் நிலங்கள் ஒவ்வொன்றாகப் பருத்திக்கு மாற, 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது.

நாடு மேற்கே விரிந்தபோது, புதிதாகச் சேரும் மாநிலம் எந்தப் பக்கம் என்பதே தீராத வழக்காயிற்று. ஏனெனில் மக்கள்தொகை எதுவாயினும் மாநிலத்துக்கு இருவர் என்று அமைந்த செனட் அவையில் சமபலம் குலைவதை இரு தரப்பும் அஞ்சின. 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் ஒருசேரச் சேர்த்து, எஞ்சிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று வகுத்த உடன்பாடு ஒரு தலைமுறைக் காலம் தாங்கியது. மெக்சிகோவுடனான போரில் புதிய நிலங்கள் கைக்கு வந்ததும் பழைய பூசல் மீண்டும் எழுந்தது.

கலிபோர்னியாவைச் சுதந்திர மாநிலமாக ஏற்றதற்கு ஈடாக 1850இல் தெற்கு பெற்ற சட்டத்தில்தான் மாநில உரிமை வாதம் அடியோடு சரிகிறது. தப்பியோடிய அடிமைகள் சட்டம் என்று அறியப்பட்ட அது, ஓடிவந்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஜூரி விசாரணையை மறுத்தது. அவர் தம் தரப்பில் சாட்சி சொல்லவும் விடவில்லை. வழக்கை முடிக்கும் மத்திய அரசு ஆணையருக்கு, பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் என்று கட்டணம் வைத்தது. முதலாவதில் எழுத்துவேலை கூடுதல் என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை வடக்கில் பலர் நம்பவில்லை. வேட்டைக்கு உதவுமாறு பொதுமக்களுக்கும் ஆணையிட்ட அச்சட்டம், தடுப்பவர்களுக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது. 1854இல் வர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்த அந்தோணி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பாஸ்டன் நகரில் பிடித்து, துக்கத்தைக் காட்டக் கறுப்புத்துணி தொங்கவிடப்பட்ட தெருக்களின் வழியே, படைவீரர் புடைசூழக் கப்பலுக்கு நடத்திச் சென்றபோது, அதுவரை அடிமைமுறையைத் தொலைவில் இருந்த ஒன்றாக எண்ணியவர்கள் அதைத் தங்கள் வாசலிலேயே கண்டனர். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளிக்க, 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, இவ்வழக்கில் மாநில உரிமையைப் பேசியது வடக்கு. மத்திய அதிகாரத்தை ஏவியது தெற்கின் நலன். வட அரசியல்வாதிகள் பலர் சமரசத்துக்கு இசைந்தே இருந்தனர் என்பதால், அவர்களின் நல்லெண்ணத்தைவிட, உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்டியவர்களின் துணிவே சமரசத்தை நிலைக்க விடாமல் செய்தது என்பதே பொருந்தும்.

அடுத்தடுத்த அடிகள் விரைந்து விழுந்தன. குடியேறியவர்களே வாக்களித்து முடிவெடுக்கலாம் என்று ஸ்டீஃபன் டக்ளஸ் 1854இல் கொண்டுவந்த சட்டம் மிசௌரிக் கோட்டை அழித்து, கன்சாஸைக் கொலைக்களமாக்கியது. புதிய குடியரசுக் கட்சி அந்த எதிர்ப்பில் பிறந்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, கறுப்பர் குடிமக்கள் ஆக முடியாது என்றும், புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தபோது, சமரசத்துக்கு இருந்த சட்ட வழியும் அடைபட்டது.

1860இல் வென்ற ஆபிரகாம் லிங்கன், அடிமைமுறை நிலவும் மாநிலங்களில் கைவைப்பதில்லை, அது புதிய நிலங்களுக்குப் பரவக்கூடாது என்ற அளவிலேயே நின்றார். அதுவே தெற்குக்குப் பொறுக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் முதலாவதாகப் பிரிந்த தென் கரோலினாவின் அறிக்கை, தப்பியோடியவர்களை வடமாநிலங்கள் திருப்பி அனுப்பவில்லை என்றும், நியூயார்க்கில் அடிமைகளுடன் கடந்து செல்லக்கூட விடவில்லை என்றும் குறைகூறியது. அதாவது, நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தைச் செலுத்தியதே அங்கே குற்றமாக எழுதப்பட்டது. பிரிந்த மாநிலங்கள் 1861இல் இயற்றிக்கொண்ட அரசமைப்போ, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றும், கூட்டமைப்பின் எந்த மாநிலத்துக்குள்ளும் குடிமக்கள் அடிமைகளோடு சென்று தங்கலாம் என்றும் விதித்தது. ஆனால் பிரிந்துபோகும் உரிமையை அது எந்த மாநிலத்துக்கும் வெளிப்படையாக எழுதிவைக்கவில்லை.