விற்பனைக்கு ஒரு ஊர்

சில மாதங்களுக்கு ஒருக்கா அந்தப் பதிவு எங்கட டைம்லைனுக்கு வந்துவிடும். "ஸ்பெயினில் ஒரு முழுக் கிராமமே விற்பனைக்கு! விலை ஒரு சொகுசு அப்பார்ட்மென்ட் விலைதான்!" கீழே கொமென்ட்டில் பெடியள் ஒருத்தரை ஒருத்தர் டேக் பண்ணி, "மச்சான், பத்துப் பேர் சேர்ந்து வாங்குவமா?" எண்டு கேட்பினம். பகிடிதான். ஆனால் அந்தப் பதிவுக்குள்ள ரெண்டு பொய் இருக்கு. ஒண்டு அந்த ஊரைப் பற்றினது. மற்றது எங்களைப் பற்றினது.

முதல் பொய்யைப் பார்ப்பம். 2022 நவம்பரில் உலகம் முழுக்கச் செய்தியான சால்ட்டோ டி காஸ்ட்ரோவை எடுங்கோ. சமோரா மாகாணத்தில், போர்த்துக்கல் எல்லையில், டுவேரோ ஆற்றங்கரையில் இருக்கிற இடம். 44 வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 260,000 யூரோ. காலம் மறந்துபோன ஏதோ ஒரு பழங்காலக் கிராமம் மாதிரித்தான் படங்கள் போட்டினம். அது பழங்காலக் கிராமமே இல்லை. அணைக்கட்டில் வேலை செய்தவர்களுக்காக ஒரு மின்சாரக் கம்பனி கட்டின குடியிருப்பு. கம்பனிக்கு ஆட்கள் தேவைப்படாமல் போனதும் சனம் வெளியேறிச்சுது. 1980களின் கடைசியோட ஊர் வெறிச்சோடிவிட்டது.

ஸ்பெயினின் உள்நாட்டுப் பிரதேசங்களை 'எஸ்பான்யா வசியா' எண்டு சொல்லுவினம், அதாவது காலியான ஸ்பெயின். செர்ஹியோ டெல் மொலினோ 2016இல் எழுதின புத்தகத்தின் தலைப்பாலதான் அந்தப் பெயர் பரவினது. ஆனால் அந்தப் பிரதேசத்துச் சனம் அந்தச் சொல்லோட ரெண்டு எழுத்தைச் சேர்த்து 'வசியாடா' ஆக்கினது. காலியாக்கப்பட்ட ஸ்பெயின். 2019 மார்ச் 31இல் பல்லாயிரக்கணக்கானோர் மட்ரிட் வீதிகளில் இறங்கினது அந்தப் பெயரோடதான். இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினை படிக்கும்போது கொட்டாவி விட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கோ. 'காலியானது' எண்டால் அது தானாக நடந்தது. 'காலியாக்கப்பட்டது' எண்டால் செய்தவன் ஒருவன் இருக்கிறான்.

செய்தது யார்? ஒரு ஆள் இல்லை. 1950களிலிருந்து தொழிற்சாலைகள் மட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் பில்பாவோவிலும் குவிக்கப்பட்டன. வயல்களில் ஆட்களின் இடத்துக்கு டிராக்டர் வந்தது. பிறகு 1985 ஜனவரி 1இல், நட்டம் எண்டு காரணம் சொல்லி, பல ரயில் பாதைகளில் பயணிகள் சேவையை அரசாங்கம் நிறுத்தியது. ஒரு மாகாணத்தின் தலைநகரான டெருவெல்லிலிருந்து மட்ரிட்டுக்கு நேரடி ரயில் இல்லை. அங்கத்தைய சனம் 'டெருவெல்லும் இருக்கு' எண்ட பொருளில் 'டெருவெல் எக்சிஸ்டே' எண்டு ஒரு இயக்கமே தொடங்கி, 2019 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு ஒரு ஆளை அனுப்பினது. தாங்கள் இருக்கிறம் எண்டதையே ஒரு ஊர் தேர்தலில் நிண்டு நிரூபிக்க வேண்டியிருக்கு. காஸ்டியா இ லியோன் பிரதேசத்தின் பரப்பு ஏறக்குறைய 94,000 சதுர கிலோமீற்றர், இலங்கையை விடப் பெரிசு. அங்க இருக்கிறது சுமார் 24 லட்சம் பேர்.

பைரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிற ஹானோவாஸ் ஊரின் கதை இன்னும் மோசம். அணை கட்டப்போறம் எண்டு 1960களில் காணிகளைச் சுவீகரித்தார்கள். போக மறுத்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கடைசிக் குடும்பம் 1984இல் வெளியேறியது. அணையோ கட்டப்படவே இல்லை. திட்டம் கைவிடப்பட்ட பிறகு, தங்கட முதுசக் காணியைத் திரும்பப் பெறுவதற்கு அந்தச் சனமே காசு கட்ட வேண்டியிருந்தது. உள்நாட்டு ஸ்பெயினில் சொத்து வாங்குவது எப்படி எண்டு வீடியோ போடுகிறவர்கள் இந்தக் கொள்வனவையும் ஒருக்கா விளங்கப்படுத்தலாம்.

"எப்படியோ காலியாப் போச்சு, இப்ப யாராவது வாங்கி வாழ்ந்தால் நல்லதுதானே?" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. சில பிரதேசங்களில் மூன்று நாலு பிள்ளைகள் இருந்தாலே பள்ளிக்கூடத்தை மூடாமல் நடத்துவார்கள். வருசம் முழுக்க இருக்கிற ஒரு குடும்பம் ஒரு ஊரின் பள்ளிக்கூடத்தையே காப்பாற்றும். அதனால் வருகிறவர்களை நான் குறை சொல்லேல்லை. யாரை வரவிடுகினம் எண்டதுதான் என்ர கேள்வி.

குவாடலஹாரா மாகாணத்து ஃப்ராகுவாஸ் எண்ட ஊரின் சனத்தை 1960களின் கடைசியில் வெளியேற்றி, அந்த நிலத்தில் அரசு பைன் மரம் நட்டது. 2013இல் சில இளைஞர்கள் அந்த இடிபாடுகளுக்குள் போய்ச் சுவர் எழுப்பித் தோட்டம் போட்டு வாழத் தொடங்கினார்கள். 2018இல் நீதிமன்றம் ஆறு பேருக்கு ஒன்றரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. கட்டினதை இடிக்கிற செலவையும் அவர்களின் தலையிலேயே போட்டது. காசோடு வந்தால் 'கிராமத்தை மீட்டவர்'. கையோடு மட்டும் வந்தால் குற்றவாளி.

இனி ரெண்டாவது பொய். அந்தப் பதிவைப் பார்க்கிற நாங்கள் நினைக்கிறம், வீடு வாங்கினால் அங்க போய் இருக்கலாம் எண்டு. இல்லை. ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினவர்களுக்கு 2013இல் தொடங்கிய 'கோல்டன் விசா'கூட 2025 ஏப்ரல் 3ஓட நிறுத்தப்பட்டது. உறுதி உங்கட பெயரில் இருக்கலாம். வீசா இல்லாமல் அந்த வீட்டுப் படி ஏறேலாது. மிஞ்சி இருக்கிற ஒரு வழி, உழைக்காமல் இருப்பதற்கான வதிவிட அனுமதி. மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும், ஸ்பெயினில் வேலை செய்யக்கூடாது. இன்னொரு வழி, வெளிநாட்டுக் கம்பனிக்கு லப்டொப்பில் வேலை செய்கிறவர்களுக்கானது. ஆளில்லாமல் தவிக்கிற ஒரு நிலம், அங்க வேலை செய்யத் தேவையில்லாதவனுக்குத்தான் முதலில் கதவைத் திறக்குது.

வேலை செய்கிறவர்கள் வராமலா இருக்கினம்? உள்நாட்டில் சனத்தொகை கூடுகிற ஊர்களைப் பாருங்கோ. அரகோனின் பினேஃபாரில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நிற்பது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லெய்டாவில் கோடைகாலத்தில் பழம் பறிக்க வருகிற ஆபிரிக்க இளைஞர்கள் தெருவில் படுத்திருக்கினம். ஊரில் பூட்டின வீடுகள் நிறைய, வாடகைக்கு வீடு இல்லை. பங்கு பிரிக்காத முதுசம், ஓகஸ்ட்டில் மட்டும் வருகிற உரிமையாளர், வெளியாளுக்குக் குடுக்கத் தயங்குகிற மனம். வேலை இருந்தும் ஆவணம் இல்லாதவன், 'வேரூன்றல்' எண்ட சட்டப்பிரிவின் கீழ் வதிவிட அனுமதி கேட்பதற்கே ரெண்டு வருடம் ஒளிஞ்சு வாழ வேண்டும். 2025 மே வரை அது மூன்று வருடம்.

'ஆஸ் பெஸ்தாஸ்' (2022) படம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு பிரெஞ்சுத் தம்பதி கலீசியாவின் மலைக்கிராமம் ஒன்றில் குடியேறி, இடிந்த வீடுகளைத் திருத்தி, ஊரை உயிர்ப்பிக்க ஆசைப்படுகினம். காற்றாலைக் கம்பனி வருகுது. அவர்கள் வேண்டாம் எண்டு நிற்கினம். பிறந்ததிலிருந்து அங்கேயே மாடு மேய்த்துக் களைச்ச ரெண்டு சகோதரர்களுக்கு அந்தக் காசுதான் வெளியே போவதற்கான ஒரே வழி. சகோதரர்கள் செய்கிற வன்முறைக்கு மன்னிப்பே இல்லை. ஆனால் ஊரின் அழகைப் பற்றிப் பேசுகிறவன் விரும்பி வந்தவன், அவனால் திரும்பிப் போகவும் முடியும் எண்டதைப் படம் ஒளிக்கேல்லை.

ஆகவே அடுத்த முறை அந்தப் பதிவு வந்தால் விலையைப் பார்த்து வாயைப் பிளக்காதேங்கோ. அந்த ஊரில் இருந்த சனம் எங்க போனது, ஏன் போனது எண்டு கொமென்ட்டில் கேளுங்கோ. அங்க தேவையாக இருப்பது பஸ், மருத்துவர், வாடகை வீடு, உழைக்கிறவனுக்கு ஒரு வதிவிட அனுமதி. இதில் ஒண்டும் அந்த 260,000 யூரோவுக்குள்ள வராது. எங்களுக்கு நாங்களே சொல்ல வேண்டிய ஒரு விசயமும் இருக்கு. இலங்கைக் கடவுச்சீட்டோட, கலைப்பீடப் பட்டத்தோட அங்க போய் இறங்கினால், நாங்கள் நிற்கப்போவது வீடு வாங்குகிறவனின் பக்கத்தில் இல்லை. லெய்டாவில் தெருவில் படுத்திருக்கிறவனின் பக்கத்தில்.