சொல் உதிர்ந்த மேடை

கொச்சியின் வில்லிங்டன் தீவில் 1957 முதல் 'கேசினோ' என்ற பெயரில் ஓர் ஓட்டல் இயங்கிவருகிறது. அங்கே சூதாட்டம் இல்லை. இத்தாலிய மொழியில் சிறு வீட்டைக் குறித்த அச்சொல், கேளிக்கைக் கூடம் எனப் பொருள் விரிந்து, பின்னர் சூதாட்டக் கூடம் எனச் சுருங்கியது. கொச்சி ஓட்டல் அந்த இடைக்காலப் பொருளிலேயே நின்றுவிட்டது போலும். பெயர்ப் பொருத்தமின்மை கண்டு நகைத்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆயினும் சூதாட்ட விடுதிகளின் மேடை வரலாற்றை அறிந்தவர்க்கு, கொச்சியின் மாலைநேர நிகழ்ச்சிகளில் அதே வரலாறு மறுபடி நிகழ்வது தெரியும்.

லாஸ் வேகஸில் இன்று 'ஸ்ட்ரிப்' எனப்படும் சாலையின் முதல் சூதாட்ட விடுதியான எல் ராஞ்சோ வேகஸ் 1941இல் திறக்கப்பட்டது. மாட்டுப் பண்ணைத் தோற்றத்தை வேடமாகப் பூண்ட விடுதி அது. அத்தகைய விடுதிகளில் இரவுணவும் ஆடல் பாடலும் மலிவு. மேடையின் நட்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுகட்டியது. கலை அங்கே விற்பனைப் பொருளன்று, தூண்டில். அப்போதும் மேடையில் சொல் வாழ்ந்தது. 1960இல் சாண்ட்ஸ் விடுதியில் ஃபிராங்க் சினாத்ராவும் சாமி டேவிஸ் ஜூனியரும் நண்பர்களும் நடத்திய இரவுகளில் பாட்டுக்கு இணையாகப் பாட்டுக்கிடையேயான பேச்சும் கூட்டத்தை இழுத்தது. (கறுப்பினக் கலைஞர்கள் தாம் பாடிய விடுதியிலேயே அறை எடுத்துத் தங்க இயலாதிருந்த நிலை மாறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கலையை ஏற்றுக் கலைஞரை வாசலில் நிறுத்துவது எந்த ஊருக்கும் புதிதன்று.)

சொல் மெல்ல விலகியது. 1958இல் ஸ்டார்டஸ்ட் விடுதிக்குப் பாரிஸிலிருந்து 'லிடோ' குழு வந்தது. இறகும் அணியும் பூண்ட அணிவகுப்புக்கு மொழி தேவைப்படவில்லை. 1993இல், கடற்கொள்ளையர் தீவாக வேடமிட்ட ட்ரெஷர் ஐலண்ட் விடுதியில் சர்க் து சொலெய் குழுவின் 'மிஸ்தேர்' தொடங்கியது. அதன் பாடல்கள் பெரும்பாலும் எந்த நாட்டாரும் பேசாத கற்பனை மொழியில் அமைந்தவை. உலகெங்கிலுமிருந்து பார்வையாளர் வரும்போது மொழி ஓர் இடையூறு. அந்த இடையூறை நீக்கியபின் எஞ்சுவது உடலும் ஒளியும் ஓசையும்.

இனிக் கொச்சிக்கு வரலாம். இங்கே சூதாட்ட மேசையின் இடத்தில் இருப்பது அறை வாடகை. அதே கேசினோ குழுமம் பின்னாளில் கோட்டைக் கொச்சியில், பழைய கப்பல் கட்டும் தளம் இருந்த இடத்தில், அதன் நினைவையே வேடமாகக் கொண்டு பிரண்டன் போட்யார்ட் ஓட்டலைக் கட்டியது. நகரமே இன்று அவ்வாறு தன்னைத்தானே நடித்துக்காட்டும் ஊராகிவருகிறது. பயணிகளுக்கான மாலை அரங்குகளில் கதகளி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒப்பனையிடுவதைப் பார்க்கலாம். நவரசமும் கண்ணசைவும் விளக்கப்படும். பின்னர் ஒரு துண்டுக் காட்சி. இரவு முழுதும் ஆடவேண்டியதைச் சுருக்கிவிட்டனரே என்ற வழக்கமான புலம்பலில் வலுவில்லை. கலைகள் எப்போதும் சுருங்கியும் விரிந்தும் வந்துள்ளன. மாலைதோறும் கிடைக்கும் ஊதியம் ஒரு செண்டைக் கலைஞரின் குடும்பத்தைக் காப்பாற்றுமெனில் அதைப் பழிக்க எவர்க்கும் உரிமையில்லை.

எது வெட்டப்படுகிறது என்பதே கேள்வி. கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பின்னால் நிற்கும் பொன்னானியும் சிங்கிடியும் பதத்தைப் பாட, அதன் சொல்லுக்குச் சொல் கை முத்திரை எழுகிறது. பாட்டைக் குறைத்துவிட்டால் முத்திரை எதற்கும் பெயராகாமல் வெறும் அசைவாகிறது. சுற்றுலா மேடை வதத்தையும் போரையும் விரும்புவது இதனால்தான். சூதில் நாடிழந்த நளனை உண்ணாயி வாரியர் நான்கு நாள் ஆட்டமாக விரித்த நளசரிதம் சொல்லின்றி நிற்காது.

தமிழாய்வாளர் கவலைகொள்ள வேண்டிய இழப்பு வேறொன்று: சவிட்டு நாடகம். போர்ச்சுக்கீசியர் வருகைக்குப்பின் கொச்சிக் கரையோர லத்தீன் கத்தோலிக்கரிடையே வளர்ந்த அக்கலையின் பழம் பாடல்கள் தமிழும் மலையாளமும் கலந்தவை. பல இடங்களில் தமிழே மிகுதி. சார்லமேன் மன்னனின் கதையான 'காறல்மான் சரிதம்' சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியதாகக் கூறப்படுகிறது. ஆசிரியரைக் குறிக்கும் 'அண்ணாவி' என்ற சொல், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பயிற்றுவோருக்கு வழங்கும் 'அண்ணாவியார்' என்பதே. பாக் நீரிணையின் இருபுறமும் ஒரே நாடக மரபு உலவியதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. மிதிப்பதைக் குறிக்கும் 'சவிட்டு' குமரி மாவட்டப் பேச்சிலும் உயிரோடிருக்கிறது.

பல இரவுகள் நீண்ட அந்நாடகம் ஓட்டல் முற்றத்துக்கு வரும்போது, மணிமுடியும் பட்டாடையும் வாட்போரும் மரப்பலகை அதிரும் காலோசையும் வருகின்றன. பாட்டு பின்னணி இசையாகிறது. கேட்பவருக்குப் புரியாது, பாடும் இளைஞருக்கும் பலவேளை பொருள் தெரியாது. பொருள் தெரியாத வரியில் சொற்கள் தேய்வதும் திரிவதும் மொழியியலின் பாலபாடம். சபீனா ராஃபி 1964இலேயே இக்கலை பற்றி மலையாளத்தில் தனிநூல் எழுதினார். தமிழ்த் துறைகளோ இதை மலையாள நாட்டார் கலை என ஒதுக்கிவிட்டன. இவ்விரண்டாம் புறக்கணிப்புக்கு எந்த ஓட்டல் முதலாளியையும் குறைகூற முடியாது.

ஓட்டல் மேடை சொல்லைக் கொன்றே தீரும் என்பதும் உண்மையன்று. மட்டாஞ்சேரியில் பிறந்த உம்பாயி (மறைவு 2018) எர்ணாகுளம் ஓட்டல் மேடையில் மாலைதோறும் கஜல் பாடியவர். உண்பவர் தட்டோசைக்கு நடுவே பாடிப் பழகிய அவர்தான் பின்னர் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளை மலையாளக் கஜலாக்கினார். கவிதைதான் அங்கே கேட்போரை நிறுத்தியது.

சவிட்டு நாடகத்துக்கு ஒரு திரையும் சில வரிகளும் போதும்: பாடப்படும் அடி, அதன் பொருள், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். ஓப்பரா அரங்குகள் பல ஆண்டுகளாகச் செய்வதுதான். ஆனால் திரையில் இட வேண்டிய திருத்தமான பாடம் முதலில் வேண்டும். அதற்குச் சுவடிகளை ஒப்பிட வேண்டும்; அண்ணாவிகள் பாடக் கேட்டு, அவர்கள் உச்சரிப்பதை உச்சரித்தபடியே பதிவுசெய்ய வேண்டும். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. சவிட்டு நாடகத்துக்குப் பெயர்பெற்ற கோதுருத்து, வடபறவூருக்கு அருகில்தான் உள்ளது.