ஆணிக்குப் பின்னால் என்ன?

ஃபீனிக்ஸ் நகரிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் போகும் நெடுஞ்சாலை, 230 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. அரிசோனா பாலைவனத்தின் கள்ளிக்காட்டில் புறப்பட்டு, மூன்று மணி நேரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே போய் இறங்கலாம். 2023 அக்டோபரில் அந்த ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'டொக்'. சற்று இடைவெளி விட்டு மறுபடியும் 'டொக்'.

வண்டி மாப்பிள்ளையுடையது. வண்டி என்றால் கார் அல்ல. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் இன்னொரு படுக்கை, நடுவே அடுப்பு, ஃப்ரிஜ், அலமாரி, கழிப்பறை, ஷவர் என்று 24 அடி நீளத்தில் ஒரு குடித்தனமே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் இதை 'ஆர்.வி.' என்கிறார்கள். கொரோனா காலத்தில் விமானம் ஏறவும் ஓட்டலில் தங்கவும் பயந்த ஜனங்கள் இவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். 2021இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின, அது சாதனை. பெரும்பாலானவை பிறப்பது இன்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில். பயம் தெளிந்த பிறகு அவற்றில் பல கைமாறின. அப்படிக் கைமாறிய ஒன்றைத்தான் மாப்பிள்ளை வாங்கியிருந்தார்.

'டொக்' சத்தத்துக்குக் காரணம் ஷவரின் கண்ணாடிக் கதவு. தாழ்ப்பாள் விட்டுப்போய், ஒவ்வொரு வளைவிலும் ஆடி, எதிரே இருந்த கழிப்பறைத் தொட்டியின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தபோது, கதவைச் சுவரோடு பிணைத்திருந்த அலுமினியப் பட்டையே தளர்ந்து தொங்கியது. நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்று தரையில் கிடந்தது. இரண்டு பாதி வெளியே வந்திருந்தன. மிச்சமிருந்த ஒன்றுதான் அத்தனை கண்ணாடியையும் தாங்கிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்துக்கு முன்புதான், ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோது, ஏழு வயதுப் பேத்தி அந்த இடத்தில் நின்று கை கழுவிவிட்டு வந்திருந்தாள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மகள் மட்டும் குழந்தையின் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

பதப்படுத்திய கண்ணாடியின் குணம் விசித்திரமானது. முகப்பில் குத்தினால் தாங்கும். விளிம்பில் ஓர் உலோக முனை சரியாகப் பட்டால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிக்கற்களாகக் கொட்டும். கத்தி போன்ற சில்லுகளாக உடையாது என்பது ஆறுதல்தான். ஆனால் ஓடும் வண்டியில், வெறுங்காலோடு ஒரு குழந்தை இருக்கும் இடத்தில், அது அவ்வளவு பெரிய ஆறுதல் இல்லை.

ஃப்ளாக்ஸ்டாஃப் முகாமில் வண்டியை நிறுத்தியதும் மாப்பிள்ளை பேட்டரி ட்ரில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் கம்ப்யூட்டர்க்காரர், கெட்டிக்காரர், எதையும் வேகமாகச் செய்பவர். 'விர்'ரென்று ஒரு சத்தம், இன்னொரு 'விர்'. ஸ்க்ரூ உள்ளே போனது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மரை பிடிக்காத ஸ்க்ரூ சுற்றும் சத்தத்தை மும்பையின் ஒண்டுக்குடித்தனங்களில் முப்பது வருஷம் கேட்டவன் நான்.

"மாப்பிள்ளை, அது இறுகலைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"இல்ல மாமா, இன்னும் கொஞ்சம் குடுத்தா பிடிச்சுக்கும்."

மாமனாராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சொந்தப் பிள்ளையாக இருந்தால் கையிலிருந்து ட்ரில்லைப் பிடுங்கியிருப்பேன். மாப்பிள்ளையிடம் அது முடியுமா? "நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பைன் மரங்களை ரசித்தேன். திரும்பி வந்தபோது நான்கு துளைகளும் பொத்தலாகியிருந்தன. மாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. தளர்ந்த துளைக்கு நம் ஊர் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் செருகி, ஒடித்துவிட்டு, காய்ந்ததும் ஸ்க்ரூவைத் திருகு. அங்கே பல்குத்தும் குச்சியும், மரத்துக்கான மஞ்சள் பசையும் கிடைத்தன. இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் கையாலேயே, திருப்புளியால், மெதுவாகத் திருகினேன். கதவு கிண்ணென்று நின்றது. மாப்பிள்ளை தட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா" என்றார். அன்று காலை காபி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ருசித்தது.

என் வெற்றி இரண்டு நாள் நீடித்தது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குப் போனோம். பேத்தி பள்ளத்தைவிட அணில்களைத்தான் அதிகம் பார்த்தாள். திரும்பும் வழியில் ஒரு முகாமுக்குள் நுழையும் மண்சாலை, கூரைத் தகரம் போல வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருந்தது. அரை மைல்தான். பாத்திரங்கள் ஜலதரங்கம் வாசித்தன. நின்றபோது கதவு மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் செருகிய குச்சிகள், பசையோடு சேர்ந்து, ஸ்க்ரூவின் கழுத்தில் மாலையாக வெளியே வந்திருந்தன.

விடை என் மனைவியிடம் இருந்தது. அவள் அதை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். நாங்கள்தான் வேறு புகாராக எடுத்துக்கொண்டோம். "என்னங்க, அந்தத் துணி அலமாரிக்குள்ள ஏதோ ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. என் சால்வையை ரெண்டு தடவை இழுத்துடுச்சு."

அலமாரி இருந்தது ஷவர் சுவரின் மறுபக்கத்தில். துணிகளை ஒதுக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அலமாரியின் பின்பலகையில், மேலிருந்து கீழாக, நான்கு ஸ்க்ரூ முனைகள் கால் அங்குலம் எட்டிப் பார்த்தன. அதாவது அவை எந்தக் கட்டையிலும் இறங்கியிருக்கவில்லை. ஷவர் பக்கம் மெல்லிய ஃபைபர் தகடு, அலமாரிப் பக்கம் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட், நடுவே அரை அங்குல வெற்றிடம். அவ்வளவுதான் சுவர். விரலால் தட்டிப் பார்த்தால், அரை அங்குலம் தள்ளி 'தொப்' என்று கெட்டிச் சத்தம் கேட்டது. ஸ்க்ரூக்களுக்காகவே வைத்த மரச்சட்டம் அங்கே பத்திரமாக, யாருக்கும் பயனில்லாமல் நின்றிருந்தது. செய்தவர் குறி தவறியிருந்தார்.

எடை குறைய வேண்டும் என்பதற்காக இந்த வண்டிகளில் எல்லாச் சுவருமே அப்பளம்தான். அதில் தவறில்லை; கனமாகக் கட்டினால் வண்டி மலை ஏறாது. ஆனால் அப்பளத்தில் ஆணி அடிக்கிறவர், பின்னால் கட்டை இருக்கிறதா என்று பார்த்து அடிக்க வேண்டும். என் குச்சி வைத்தியம் தோற்றதும் இதனால்தான். ஓர் அங்குல மரத்தில் குச்சி செருகினால் ஸ்க்ரூவின் மரைக்கு ஓர் அங்குலப் பிடி கிடைக்கும். 3 மில்லிமீட்டர் பலகையில் எத்தனை குச்சி செருகினாலும் பிடி 3 மில்லிமீட்டர்தான்.

ஒரு கதவு தளர்வதில் இரண்டு வியாதிகள் உண்டு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒன்று, ஸ்க்ரூ தானாகச் சுழன்று கழல்வது. உலோகத்தில் உலோகம் இறுக்கிய இடங்களில் இது நடக்கும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் இதை ஆராய்ந்து காட்டினார். மேலும் கீழுமான அதிர்வைவிட, பிணைத்த பாகங்கள் பக்கவாட்டில் துளித்துளியாக வழுக்குவதுதான் போல்ட்டை அவிழ்க்கிறது என்பது அவர் கண்டது. நம் ரயில்வேயில் கீமேன் என்ற ஊழியர் தண்டவாளத்தோரம் தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, தளர்ந்த பிடிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே போவாரே, அவருக்கும் அதிர்வோடுதான் மல்லுக்கட்டு.

இரண்டாவது வியாதி வேறு. ஸ்க்ரூ சுழல்வதே இல்லை. அது நிற்கும் துளைதான் பெரிதாகிறது. கதவின் கனம் நெம்புகோலாக இழுக்க இழுக்க, மெல்லிய பலகை நார்நாராகக் கிழிகிறது. முதல் வியாதிக்கு இறுக்கிப் பூட்டுவது மருந்து. இரண்டாவதுக்கு இறுக்குவதே விஷம்.

எங்கள் கதவில் இரண்டும் இருந்தன. கீல் பக்கம் இரண்டாவது வியாதி. தாழ்ப்பாள் பக்கம் அலுமினியச் சட்டத்தில் சிறு இரும்பு ஸ்க்ரூக்கள். அங்கே முதல் வியாதி.

மறுநாள் ஒரு வன்பொருள் கடையில் சுமார் 25 டாலர் செலவானது. ஓர் அங்குல கனமுள்ள மரப்பட்டி, நான்கு துருப்பிடிக்காத போல்ட்கள், அகலமான வாஷர்கள், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகள், சின்ன அலுமினியக் குழாய்த் துண்டுகள், ஒரு குழாய் சிலிக்கான். குழாய்த் துண்டு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். கடைக்காரக் கிழவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். போல்ட் போட்டு இறுக்கினால் நடுவில் காலியான சுவர் நசுங்கிவிடும். சுவரின் கனத்துக்குச் சரியாக வெட்டிய குழாய்க்குள் போல்ட்டை விட்டால், இறுக்கத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும்.

வேலையை மாப்பிள்ளைதான் செய்தார். முதலில் கதவைக் கழற்றி, விளிம்பு தரையில் படாமல் மெத்தையின் மேல் போர்வையில் படுக்க வைத்தார். பொத்தலான துளைகளை அலமாரிப் பக்கம் மட்டும் குழாய் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கினார். குழாய், அதற்கு மேல் மரப்பட்டி, அதற்கு மேல் வாஷர், நட்டு. ஷவர் பக்கம் ஒவ்வொரு துளையிலும், பட்டைக்குப் பின்னாலும் சிலிக்கான். இந்தச் சிலிக்கானைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. ஸ்க்ரூ துளை வழியாகத் தினமும் பத்துச் சொட்டுத் தண்ணீர் சுவருக்குள் இறங்கினால் போதும். தரைப் பலகை ஊறி, ஒரு நாள் கால் வைத்தால் ரஸ்க் மாதிரி அமுங்கும். இந்த வண்டிகள் எஞ்சின் கெட்டுச் சாவதைவிடத் தண்ணீர் புகுந்து சாவதே அதிகம் என்றார் அதே கிழவர்.

தாழ்ப்பாள் ஸ்க்ரூக்களுக்கு நீல நிறப் பூட்டுத் திரவம் ஒவ்வொரு துளி. சிவப்பு நிறத்தில் ஒன்று விற்கிறார்கள். அது இறுகினால் சூடு காட்டாமல் கழலாது, இந்த இடத்துக்கு வேண்டாம். நீலத்தையும் பிளாஸ்டிக்கில் பட விடக்கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விட வைக்கும். தாழ்ப்பாளின் பிளாஸ்டிக் உருளையைத் தனியே கழற்றி வைத்துவிட்டுத்தான் துளி விட்டோம்.

ட்ரில் இந்த முறை துளை போட மட்டும்தான். நட்டுகளை ஸ்பேனரால், கையால் இறுக்கினார். "மாமா, போதுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். இரண்டுக்குப் போதும் என்றேன். மூன்றாவதுக்கு எனக்கே தெரியவில்லை. அலமாரிப் பக்கம் நின்றிருந்த என் மனைவி, "பட்டி சுவரோட ஒட்டிடுச்சு மாப்பிள்ளை, விட்டுடுங்க" என்றாள். விட்டுவிட்டார்.

சிலிக்கானும் திரவமும் முழுதாக இறுக ஒரு நாள். அதுவரை எல்லோரும் முகாமின் பொதுக் குளியலறையில் காசு போட்டுக் குளித்தோம். போட்ட காசு தீர்ந்ததும் தண்ணீர் நின்றுவிடும். சோப்பு நுரையோடு இன்னொரு காசு தேடிய அனுபவத்துக்குத் தனிக் கட்டுரை எழுதலாம்.

இதையெல்லாம் நம் வாசகர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். எடுக்குமுன் குளியலறைக் கதவை ஒரு முறை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் அசைந்தால், திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். அல்லது அவர்களையே சரிசெய்து தரச் சொல்லுங்கள். ஓடும்போது கதவை மூடி, ஒரு ரப்பர் கயிற்றால் கட்டி, கண்ணாடி எதன்மீதும் மோதாதபடி நடுவே ஒரு துண்டைத் திணித்துவிடுங்கள். வண்டியே வேண்டாம், வீட்டோடு இருக்கிறேன் என்பவர்களுக்கும் இது பயன்படும். இப்போதைய ஃப்ளாட்டுகளில் உள்ளே வெற்றிடமுள்ள பலகைக் கதவுகளும் ஜிப்சம் தடுப்புகளும் சகஜம். துண்டு மாட்டும் கம்பி மூன்றாவது தடவையாகக் கையோடு வந்தால், நான்காவது தடவை இறுக்குவதற்கு முன் சுவரைத் தட்டிக் கேளுங்கள்.

நாங்கள் அதன்பின் காமரன் வழியாகப் பேஜ் ஊருக்குப் போனோம். 200 கிலோமீட்டருக்கு மேல், காற்றும் வளைவுகளும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேத்தி முதலில் ஓடிப்போய்க் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஆடல தாத்தா" என்று அறிவித்தாள். பேஜில் மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்து நான்கு நட்டையும் சோதித்தார். மூன்றாவது நட்டு மட்டும் கால் சுற்று வாங்கியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அலமாரிப் பக்கம் பார்த்து, "அத்தை, இது போதுமா?" என்றார்.