சிறு நிரலும் வெல்லும்

ஆட்டம் ஆடும் கணிப்பொறி நிரல்களுக்குப் போட்டி என்றதும், "வீட்டில் கணிப்பொறி இல்லையே!" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். இது சரிதானா?

அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஆக்சல்ராட் நடத்திய அத்தகைய போட்டியின் முடிவு 1980-இல் வெளியாயிற்று. ஆட்டத்தில் இருவர், ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். அறிஞர்கள் அனுப்பிய 14 நிரல்களில் வென்றது, அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரலே! முதலில் ஒத்துழை, பிறகு, எதிராளி சென்ற முறை செய்ததையே செய். அவ்வளவுதான்! 62 நிரல்கள் வந்த மறுபோட்டியிலும் அதுவே வாகை சூடியது.

இத்தகைய விதியை நோட்டுத் தாளிலேயே எழுதி, தோழியுடன் ஆடிச் சரிபார்க்கலாம். தோற்கும் இடத்தை மட்டும் திருத்தலாம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்போரின் பெண்களுக்கும் இது கைகூடும். துணிந்து பெயர் கொடுப்போமா?